மாட்டுக்கொட்டாயில் ஒரு நிலநடுக்கமானி: கிருஷ்ணகிரி, தர்மபுரியில் ஒரு வாரம்

ஜூன் 16, திங்கள் – கிருஷ்ணகிரி

ஹைதராபாத்திலிருந்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஜீப்பின் பின்சீட்டில் ஒரு பக்கம் பேட்டரி, ஒரு பக்கம் நான். நிலநடுக்கமானி இருந்த பெட்டியை மட்டும் ஜூனியர் பையன் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். அதன் விலை தெரிந்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். காலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கியபோது இரண்டு பேருக்கும் இடுப்பு கழன்றுபோயிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். "கிருஷ்ணகிரியில ஏதுடா பூகம்பம்? கவர்மென்ட் காசுல மாம்பழம் தின்னப் போறியா?" அக்காவுக்கு மட்டுமில்லை, எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவுக்கும் இதே சந்தேகம் உண்டு. நிலநடுக்கம் வந்தால் எந்த ஊர் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. வருமா வராதா, என்றைக்கு வரும் என்று சொல்வது என் வேலை இல்லை, உலகத்தில் யாருக்கும் அது முடியாது. இதை வருஷத்துக்கு நூறு தடவையாவது சொல்கிறேன். கேட்டுவிட்டு, "சரி, வருமா வராதா?" என்பார்கள்.

அக்காவுக்குச் சொன்ன பதில் மகாராஷ்டிரத்துக் கில்லாரி. 1993-க்கு முன்னால் அங்கே இருந்தவர்களும் நம் ஊரில் ஏது பூகம்பம் என்றுதான் இருந்தார்கள். அன்றைய நிலநடுக்க அபாய வரைபடத்தில் அந்த ஊர் முதல் மண்டலத்தில் இருந்தது, அதாவது ஆபத்து மிகக் குறைவான இடம். செப்டம்பர் 30, விடிய நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் 6.2 அளவில் வந்தது. ஊரே தூக்கத்தில் இருந்தது. மண்ணைக் குழைத்துக் கட்டிய கனமான கல் சுவர்கள் உள்ளே விழுந்து ஏறக்குறைய 10,000 பேர் போனார்கள். அப்புறம் 2001-இல் குஜராத்தில் பூஜ். 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்ற ஒன்றையே எடுத்துவிட்டார்கள், சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. அந்த வரைபடத்தில் சேலம், தர்மபுரி எல்லாம் மூன்றாம் மண்டலம்தான். நம் பக்கத்தில் பதிவான பெரியது 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது, சுமார் 6 அளவு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பாட்டி சொன்ன கதையாகக்கூட அது யாரிடமும் மிச்சமில்லை.

அக்கா கேட்டுவிட்டு, "அல்போன்சா கெடைச்சா ஒரு பெட்டி அனுப்பு" என்றாள்.

லாட்ஜ் 1,100 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் ஹாரன், மூடினால் புழுக்கம். கீழே டீ 15 ரூபாய், நல்ல டீ. சாயங்காலம் இடம் பார்க்கப் போகும் வழியில் மாங்கூழ் பேக்டரிக்குப் போகிற டிராக்டர்கள் ஒரு கிலோமீட்டருக்கு நின்றன, எல்லாம் பெங்களூரா மாங்காய். வெயிலில் காயோடு காயாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு விவசாயி, "கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேக்கறாங்க சார், பறிக்கிற கூலிக்கே கட்டாது" என்று சொல்லிக்கொண்டே நாலு காயை எடுத்து ஜீப்புக்குள் போட்டார். காசை நீட்டினேன், வாங்கவில்லை. "இதை வாங்கி நான் என்ன கோட்டையா கட்டப்போறேன்?"

ஜூன் 17, செவ்வாய் – காவேரிப்பட்டணம் தாண்டி

எங்களுக்கு வேண்டிய இடம் கிடைப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். தார் ரோட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பெரிய மரம் பக்கத்தில் கூடாது, காற்றில் மரம் ஆடினால் வேர் நிலத்தையும் சேர்த்து ஆட்டும். மோட்டார் ரூம் கூடாது. காலுக்குக் கீழே பாறை வேண்டும். இத்தனையும் இருந்து, கருவி திருட்டுப் போகாதபடி ஒரு வீடும் பக்கத்தில் இருக்க வேண்டும். பாலக்கோட்டுக்காரரான டிரைவர் அண்ணன்தான், "எனக்குத் தெரிஞ்ச ஒரு கெழவி இருக்கு சார், தனியா இருக்குது, ஒரு மாடு இருக்குது" என்று கூட்டிப்போனார்.

கரட்டை, அதாவது சின்னப் பாறைக் குன்றை, ஒட்டி ஒரு கல் வீடு. பக்கத்தில் மாட்டுக்கொட்டாய். பாட்டி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இருபது வருஷம் ஹைதராபாத்தில் இருக்கிறேனே என்று நான் தெலுங்கில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். என் தெலுங்கில் பாதி உருது, அது எனக்கே தெரியும். ஆனாலும் அதற்கப்புறம் என்னை "நாயனா" என்றுதான் கூப்பிட்டார், டிரைவரை "ஏம்ப்பா". ஜூனியரைக் கூப்பிடவே இல்லை. அவன் சென்னைப் பையன், மாட்டைப் பார்த்து ஒதுங்கி நின்றதில் மதிப்பு போய்விட்டது.

கொட்டாயின் ஒரு மூலையில் ஒன்றரை அடி தோண்டினோம். செம்மண், அதற்குக் கீழே கையால் உதிர்கிற மக்கின கல், அப்புறம் கடப்பாரை "ணங்" என்றது. கேட்கக் காத்திருந்த சத்தம் அது. அடியில் வைக்க வழவழப்பான கல் வேண்டும். வேறு ஊரில் என்றால் டைல்ஸ் கடைக்கு ஓடுவோம், இங்கே ரோட்டோரம் கிரானைட் வெட்டின மிச்சத் துண்டுகள் குப்பையாகக் கிடக்கின்றன. பாட்டி துணி துவைக்கிற கல்லே மெருகு போட்ட கிரானைட்தான். எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில்கூட அவ்வளவு நல்ல கல் இல்லை.

பிரச்சினை வடக்கில் வந்தது. கருவிக்குள் மூன்று திசைக்கு மூன்று உணரி. ஒன்று சரியாக வடக்கைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அலை எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற கணக்கெல்லாம் கோணும். காம்பஸை வைத்தால் இங்கே ஒரு வடக்கு, பத்தடி தள்ளி வேறு வடக்கு. அப்புறம்தான் கரட்டில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதைக் கவனித்தேன். டோலரைட். குவாரிக்காரர்கள் பிளாக் கிரானைட் என்று விற்பது இதைத்தான். அதில் காந்தக்கல் துகள் கலந்திருக்கும், காம்பஸ் மிரண்டுபோகும்.

சரி, பழைய வழிக்குப் போவோம் என்று ஒரு மீட்டர் குச்சியைத் தூக்கு நூல் பிடித்து நட்டோம். உச்சிவேளை நிழல் வடக்கு தெற்காக விழும். இந்த ஊர்த் தீர்க்கரேகைக்கு உச்சி 12 மணிக்கு இல்லை, 12.18-க்கு. மேகம் வந்து வந்து மறைத்தது. சரியாக 12.17-க்கு வெயில் அடித்தது. ஜூனியர் நிழலின் நுனியில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு "வடக்கு" என்று எழுதிவிட்டான். ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் மத்தியான நிழல் தெற்கே விழும் தம்பி, சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போயிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் நிழலையே பார்த்தான். ஒரு மீட்டர் குச்சிக்கு இருபது சென்டிமீட்டர் நிழல்கூட இல்லை. நேரம் ஒரு நிமிஷம் பிசகினாலும் ஒரு டிகிரிக்கு மேல் பிசகிவிடும். பாட்டி தன் பங்குக்கு, "வடக்கு தெரியணும்னா என்னைக் கேக்கறது, அதோ அந்த வேப்ப மரம்" என்றார். சாக்பீஸ் கோடு வேப்ப மரத்துக்கே போனது.

மத்தியானம் பாட்டி விடவில்லை. ராகி களி, கீரைக்கடைசல், ஓரத்தில் பச்சை வெங்காயம். களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஜூனியர் மென்றான். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வராமல் கையால் சைகை காட்டினான். பாட்டி முதல் தடவையாக அவனோடு பேசினார்: "பல்லு எதுக்குடா இதுக்கு?"

கிளம்பும்போது என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல், சுண்டுவிரல் நுழையும். "குவாரி வந்தப்புறம்தான் நாயனா இது. மூணு வருஷம் ஆச்சு. உன் மிஷின்ல தெரியுமா?" தெரியும் என்றும் சொல்லாமல் தெரியாது என்றும் சொல்லாமல், "பாக்கலாம்மா" என்றேன். சர்க்கார் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே கற்றுக்கொண்ட வார்த்தை அது.

ஜூன் 18, புதன் – அதே இடம்

லேப்டாப்பை மாட்டிக் கருவி சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிலநடுக்கமானி என்றதும் நிலநடுக்கத்தை மட்டும் கேட்கும் என்று நினைப்பார்கள். இது எல்லாவற்றையும் கேட்கும். தூரத்தில் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் லோடு லாரி போவது, காற்று, கிணற்று மோட்டார், மாடு எழுந்து நிற்பது. மாடு பின்னங்காலை முதலில் ஊன்றி எழும், அந்த இரண்டு குத்தும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தன.

1.40-க்கு ஜூனியர் கத்தினான். "சார், ஈவன்ட்!" திரையில் அழகான ஒரு குதிப்பு. முகத்தைப் பார்த்தால் நோபல் பரிசு வாங்கியவன் மாதிரி. முதலில் கடிகாரத்தைப் பார் என்றேன். பூகம்பத்துக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் தெரியாது, குவாரிக்குத் தெரியும். அப்புறம் முதல் அசைவைப் பார், மேல்நோக்கி. வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், எந்தத் திசையில் கருவி வைத்தாலும் முதல் அசைவு மேலேதான் இருக்கும். பூகம்பத்தில் பாறை வழுக்குவதால் ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால் தோராயமாகக் கிலோமீட்டரில் தூரம் வரும். இதில் அரை வினாடிகூட இல்லை, ஆக நாலு கிலோமீட்டருக்குள். எட்டிப் பார்த்தால் கரட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

வெடியையும் பூகம்பத்தையும் பிரித்துப் பார்க்கிற இந்தக் கலைதான் ஒரு காலத்தில் எங்கள் துறைக்குச் சோறு போட்டது. இங்கிருந்து வடமேற்கே, கர்நாடகத்தில் கௌரிபிதனூரில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 1965-இலிருந்து வரிசையாகக் கருவிகள் வைத்துக் கேட்பது அடுத்தவன் அணுகுண்டு வெடிக்கிறானா என்பதற்காகத்தான்.

பாட்டிக்கு வேண்டியது இந்தக் கதை இல்லை. கருவியில் பதிவான அதிர்வைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளில் நிலம் அதிரும் வேகம் வினாடிக்கு 5 மில்லிமீட்டர் வரை போகலாம். அதிர்வெண் கூடினால் 10, 15 வரைக்கும்கூட. இன்றைக்கு வந்தது இரண்டைக்கூடத் தொடவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. டீ குடிக்கும்போது டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, "ஜீப்பு மேல கவர்மென்ட்டுன்னு போட்டிருக்கு சார். நீங்க இருக்கற வரைக்கும் சின்னதாத்தான் வெப்பான்" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. டீக்கு 12 ரூபாய்.

கருவியை மூடி, மேலே ஒரு பழைய அண்டாவைக் கவிழ்த்து, சூரியத் தகட்டை வேலியோரம் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கட்டிவிட்டு, பாட்டியிடம் ஒப்படைத்துக் கிளம்பினோம். பேட்டரி எங்கள் ஸ்டோர் ரூமில் பழசானது. வெயில் இருந்தால் ஓடும்.

ஜூன் 19, வியாழன் – அரூர் பக்கம்

இன்றைக்கு வேறு வேலை. மண் எவ்வளவு கெட்டி என்று அளப்பது. 24 உணரிகளை நேர்கோட்டில் தரையில் குத்தி, டேப் பிடித்து, கேபிள் இழுத்து, ஒரு முனையில் இரும்புத் தட்டு வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதிலிருந்து மண்ணின் கெட்டித்தனம் கிடைக்கும். எழுதும்போது சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நேர்கோடு, டேப், குச்சி, கவர்மென்ட் ஜீப்பு, இவ்வளவையும் அரூர்ப் பக்கம் ஒரு நிலத்தில் பார்த்தால் என்ன தோன்றும்?

கால் மணி நேரத்தில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். 2018-இல் சென்னை சேலம் எட்டு வழிச்சாலைக்கு இப்படித்தான் ஆள் வந்து கல் நட்டார்கள், இந்தப் பக்கம் அதை யாரும் மறக்கவில்லை. முன்னால் நின்ற அம்மா ஒருவர் கத்தவில்லை, அழவுமில்லை. "எந்தப் பக்கமா சார் போவுது ரோடு?" என்று மட்டும் கேட்டார். ரோடு இல்லைம்மா என்று அடையாள அட்டையைக் காட்டினேன், அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன், காகிதத்தைக் காட்டக் காட்டச் சந்தேகம் கூடியது. கடைசியில் காப்பாற்றியது ஒரு கேள்வி. "இங்க போர் போட்டா கேசிங் எத்தனை அடி எறங்கும்?"

இதை என் சீனியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். போர்வெல்லில் கேசிங் பைப் மண்ணும் மக்கின கல்லும் முடிகிற வரைக்கும்தான் இறங்கும், கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கேசிங் ஆழம் தெரிந்தால் பாறை எங்கே இருக்கிறதென்று தெரியும். எங்கள் கருவி லட்சக்கணக்கில் செலவழித்துச் சொல்வதை விவசாயி மனப்பாடமாகச் சொல்வார், ஏனென்றால் அடிக்கு அடி காசு கொடுத்தவர் அவர். கூட்டமே மாறிவிட்டது. "எனக்கு அறுபது", "எனக்கு நாப்பத்தஞ்சுலயே கல்லு", "ஆயிரத்து நூறு அடி போயும் புழுதிதான் சார் வந்துது". ஒரு பெரியவர் என் நோட்டை வாங்கி அவரே ஊருக்குப் படம் போட்டு, யார் கிணறு எத்தனை அடி என்று எழுதிக்கொடுத்தார்.

அப்புறம் சம்மட்டிக்கு ஆள் தேடவே இல்லை. இளவட்டங்கள் முறை வைத்து அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும், கால் மாற்றி வைத்தாலே உணரியில் விழும். நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பையன் சம்மட்டியைத் தூக்குகிறான், ஒரு குழந்தை பஞ்சுமிட்டாய்க்காரன் மணி கேட்டு ஓடுகிறது. மறுபடியும். இந்தத் தடவை கோழி. "கொண்டையை அறுத்துடுவேன்" என்று கோழிக்காரம்மா மெல்லிய குரலில் சொன்னதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது, அதுவும் பதிவானது.

அறுபது அடி கேசிங் இருந்த நிலத்தில் தரை சுமார் 4 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு நாலு தடவை ஆடுகிற ஆட்டத்தில், கூடுதலாக அதிரும் என்று மனக்கணக்குப் போட்டுவைத்திருந்தேன். ராத்திரி தரவைப் பார்த்தால் நாலுக்குப் பக்கத்தில்தான் முகடு. பாறை மேல் இருக்கிற பாட்டி வீட்டில் இந்த முகடே கிடையாது. அதே பூகம்பத்துக்கு அரூர் வயல் வீடு ஒரு மாதிரி ஆடும், கரட்டு வீடு ஒரு மாதிரி.

கிளம்பும்போது முன்னால் நின்ற அந்த அம்மா ஒரு மஞ்சப்பை நிறையப் புளி கொடுத்தார், கொட்டை எடுத்தது. "ரோடு வந்தா சொல்லுங்க சார்" என்றார். கடைசி வரைக்கும் நம்பவில்லை போலிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி – தர்மபுரி, ஒகேனக்கல்

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்குத் தர்மபுரி ஊருக்குள் ஒரு காலி மைதானத்தில் இன்னொரு கருவியை வைத்து உட்கார்ந்திருந்தோம். ஊர் அடங்கின நேரத்தில்தான் மண்ணின் சொந்த நடுக்கம் சுத்தமாகக் கிடைக்கும். ரோந்து போலீஸ் வந்தார்கள். இரண்டு பேர், ஒரு குழி, ஒரு டார்ச், ஒரு பெட்டி. "புதையலா?" என்றார் பெரியவர், கோபமே இல்லாமல். நடுகல்லும் கல்திட்டையும் நிறைந்த மாவட்டம் இது, புதையல் இருக்கும் என்று தோண்டிப் பாழாக்குகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஸ்கூல் பையன் மாதிரி ஒரு கேள்வி கேட்டார்: "நான் நடந்தா தெரியுமா?" நடங்கள் என்றோம். பூட்ஸ் காலோடு பத்தடி நடந்து வந்து திரையில் தன் பத்து அடியையும் எண்ணினார். கூட வந்த கான்ஸ்டபிளையும் நடக்கச் சொன்னார். அவருடைய காலடி பலவீனமாக விழுந்ததாம், "ராத்திரி சாப்பிடலையாடா?" அரை மணி நேரத் தரவு வீண், ஆனால் நான் வருத்தப்படவில்லை.

தூங்கி எழுந்து பகலில் ஒகேனக்கல். தண்ணீர் வரத்து கூடியதால் பரிசல் நிறுத்தம். பாறை மேல் நின்று பார்த்ததோடு சரி. இங்கே இருக்கிற கார்பனடைட் பாறைகளுக்கு சுமார் 240 கோடி வயது. ஜூனியர் சுத்தியலோடு போய்விட்டான், எனக்குப் பசி. வறுத்த மீனுக்கு 200 ரூபாய் கேட்ட அக்காவிடம் 150-க்குப் பேசி முடித்தேன் என்று பெருமையாக உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்த சேலத்துக் குடும்பம் அதே மீனை 120-க்குத் தின்றுகொண்டிருந்தது. மசாலா அபாரம், அதைச் சொல்லிவிட வேண்டும்.

திரும்புகிற வழியில் பென்னாகரத்தில் ஒரு டீக்கடை. பெரியவருக்குச் சிரித்தால் பல்லெல்லாம் பழுப்புக் கறை. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதுவும் இந்தப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வருவதுதான். ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததே அதற்காக. அவருடைய பேரன் சிரித்தான், பால் மாதிரிப் பல். பூகம்பத்துக்காகப் பாறையைப் பார்க்க வந்தேன், இந்த ஊர்ப் பாறை சத்தமில்லாமல் எத்தனையோ வருஷமாக வேறு வேலை பார்த்திருக்கிறது.

சாயங்காலம் இடி மின்னலோடு மழை. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது, மீனால் இல்லை, சூரியத் தகட்டை நினைத்து.

ஜூன் 21, சனி – மறுபடியும் பாட்டி வீடு

கருவி செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையோடு பதிவு நின்றுவிட்டது. ஒன்றரை நாள் போச்சு. வேலியோரம் போய்ப் பார்த்தால் தகட்டைக் காணோம், அதன் இடத்தில் ஒரு கோணிச்சாக்கு, மேலே நாலு கல். தூக்கினால் அடியில் தகடு, துடைத்து வைத்த மாதிரிப் பளபளவென்று.

"புதன்கெழம ராத்திரி காத்தடிச்சுது நாயனா. கண்ணாடி ஒடைஞ்சா உன்னைத் திட்டுவாங்கல்ல? அதான் மூடி வெச்சேன். தெனம் தொடைச்சு மூடறேன்."

ஜூனியர் வாயைத் திறந்தான், நான் அவன் காலை மிதித்தேன். வெயில் படுவதற்குத்தான் அது இருக்கிறது என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. பேட்டரியை மாற்றாமல் விட்டது ஸ்டோர் ரூமின் தப்பு. பாட்டி மேல் ஒரு தப்பும் இல்லை.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் நான் விரிசலுக்குப் போனேன். பழக்கதோஷம், பையில் லென்ஸ் இருந்தது. சுவரின் வெள்ளைப்பூச்சு விரிசலின் இரண்டு உதட்டிலும் உள்ளே வழிந்து இறங்கியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெளியே வெள்ளை, உள்ளே நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்ட ஒரு பூச்சு, அதற்கும் உள்ளே பழுப்பேறிய வெள்ளை, அப்புறம் மண். மூன்று பூச்சு. விரிசல் இல்லாத இடத்தில் சுரண்டினால் எண்ண முடியாதபடி அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருக்கிறது. எப்போது வெள்ளையடிப்பீர்கள் என்று பாட்டியைக் கேட்டேன். "பொங்கலுக்குப் பொங்கல்." நீலம் எப்போது தூக்கலாகிவிட்டது? "போன வருஷம். பேரன் கரைச்சான், கை தாராளமாப் போச்சு அவனுக்கு." ஆக மூன்று பொங்கல். மூன்று வருஷம் என்று அவர் சொன்னது சரிதான், என் துறையில் இதைவிடச் சுத்தமான அடுக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் எப்போது விரிந்தது என்பதுதான் அதில் இருக்கிறது, எதனால் என்பது இல்லை. மண் குழைத்துக் கட்டிய சுவர், மேலே பிற்பாடு போட்ட கான்கிரீட் கூரை, வெயிலில் அது விரிவது, அடியில் மண் இறங்குவது, குவாரி வெடி, எதுவும் காரணமாக இருக்கலாம், எல்லாமும் சேர்ந்தும் இருக்கலாம். எனக்கு அந்த விரிசலைவிட அந்தச் சுவர்தான் பயம் கொடுத்தது. இரண்டு தோல் மாதிரி உள்ளே ஒரு வரிசைக் கல், வெளியே ஒரு வரிசைக் கல், நடுவில் மண்ணும் சில்லும். இரண்டையும் கட்டிப்போட முழு அகலத்துக்கும் ஒரு நீளக்கல்கூட இல்லை. கில்லாரியில் பிளந்து விழுந்தவை இந்த மாதிரிச் சுவர்கள்தான். இந்த ஊரில் நாலு அடி நீளக் கல் தெருவில் குப்பையாகக் கிடக்கிறது, ஆனால் சுவருக்குள் ஒன்றைக் குறுக்கே வை என்று யாரும் மேஸ்திரிக்குச் சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் ஜன்னலுக்கு மேலே சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட எவ்வளவு ஆகும் என்று வாய்க்கணக்காக ஒரு தொகை சொன்னார். பாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார், என் தெலுங்குக்குச் சிரித்த மாதிரி.

"என்ன நாயனா, மிஷின் சொல்லிச்சா?"

சொன்னேன். மூன்று நாளில் வந்த வெடி கணக்குக்குள் இருக்கிறது, அதற்கு முன்னால் வந்தது எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதித்தர முடியாது என்று. அவர் ஒரு சீட்டு கேட்டார், முத்திரை போட்டு. "பொய் எழுத வேணாம். நீ வந்தேன்னு, பாத்தேன்னு எழுதிக் குடு." அதுகூட என்னால் முடியாது. நான் வந்தது வேறு வேலைக்கு, என் கையெழுத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பெறுநர் உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் என்று ஆரம்பித்து மனு எழுதினேன், அனுப்புநர் பாட்டி. வெடி வைக்கும்போது கனிமவளத் துறை ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து, என் வீட்டிலேயே கருவி வைத்து, சில மாதமாவது அளக்க வேண்டும் என்று. மூன்று பொங்கல் பூச்சையும் எழுதினேன், போட்டோ எடுத்து டவுனில் பிரிண்ட் போட்டு இணைக்கச் சொன்னேன். வருகிற திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குப் பேரன் கூட்டிப்போவானாம். கைநாட்டுக்கு இங்க் தேடினேன். பாட்டி பேனாவை வாங்கி, நிதானமாக, குண்டு குண்டாகத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வகுப்பு வரை தெலுங்குப் பள்ளிக்கூடமாம்.

குழியை மூடும்போது கிரானைட் துண்டை எடுக்க வேண்டாம், மாட்டுக்குத் தவிட்டுச் சட்டி வைக்க உதவும் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு – ஜீப்பில்

நாலு பெங்களூரா, ஒரு பை புளி, பாட்டி கொடுத்த இரண்டு கிலோ ராகி மாவு. அல்போன்சா கிடைக்கவில்லை, அக்காவிடம் திட்டு வாங்க வேண்டும். மெஸ்ஸில் பில் கிடையாது என்பதால் சாப்பாட்டுக் கணக்கு ஒன்றும் தேறாது. ஜூனியர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். பெங்களூர் தாண்டுகிற வரைக்கும் மழை.

ஜூன் 26, வியாழன் – ஹைதராபாத்

களப்பணி அறிக்கைப் படிவத்தில் தரவு விட்டுப்போன இடத்துக்கு எதிரே காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ஜூனியர் அதில் "மழை" என்று எழுதியிருந்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.